சூட்டில் மட்டும் நிற்கும் வண்டி

சூடேறினால் அந்த வாடகைக் கார் நடுரோட்டில் நின்றுவிடும். ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துக்கொண்டு போவதற்குள் இன்ஜின் ஆறிப்போய், மெக்கானிக் சாவியைத் திருகியதும் ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி ஓடும். டிரைவரின் மானத்தை வாங்கவே பிறந்த வண்டி.

மெக்கானிக் அந்த டிரைவருக்கு மச்சான், மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன். இன்ஜின் ஆறாமல் யாரும் கை வைக்கக் கூடாது என்பது அவருடைய ஒர்க்‌ஷாப்பின் சட்டம். கோளாறு வண்டியிலா ஆளிலா என்று கார் முதலாளி கேட்டபோது, வண்டி கல்லு மாதிரி இருக்கிறது, இவனுக்குத்தான் கிளட்ச் விடத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார். அன்றைக்கே வேலை போனது. அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மனைவியும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

இப்போது மச்சானே கூப்பிட்டு அனுப்பியிருந்தார். திருடனைப் பிடித்த குஷியில் கட்டைவிரல் அளவு சென்சார் ஒன்றைக் காட்டினார். இன்ஜினுக்குள் சுழலும் கிராங்க் தண்டோடு சுற்றும் சக்கரத்தின் பற்களை இது எண்ணுமாம். ஓரிடத்தில் மட்டும் பல் இருக்காது. அந்தப் பொக்கையை வைத்துத்தான் தண்டு எங்கே நிற்கிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியும், நேரம் பார்த்துப் பெட்ரோலும் தீப்பொறியும் கொடுக்கும். தகவல் வராவிட்டால் இன்ஜின் சுற்றவே இல்லை என்று இரண்டையும் நிறுத்திவிடும். சென்சாரை மீட்டரில் மாட்டி வெந்நீரில் முக்கினார். மீட்டர் முள் படுத்துக்கொண்டது. உள்ளே முடி மாதிரிக் கம்பி சூட்டில் விட்டுப்போகிறது, ஆறினால் ஒட்டிக்கொள்கிறது என்றார்.



"முதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க மச்சான்."

"அவர்கிட்ட சொல்லாமலே புது சென்சார் போட்டு வண்டியை அனுப்பியாச்சு மாப்பிள்ளை. டிரைவரை மாத்தினதாலதான் சரியாச்சுன்னு அவர் நினைச்சிட்டிருக்காரு. நான் தப்பாப் பாத்தேன்னு இப்பப் போய்ச் சொன்னா, அவரோட மத்த வண்டிங்க இந்தப் பக்கம் வருமா?"

ஊர் உலகத்துக்குச் சொல்ல வேண்டாம், உங்கள் தங்கச்சியிடமாவது சொல்லுங்கள் என்று அவன் கெஞ்சினான்.

மச்சான் கையில் இருந்த கிரீஸைக் கந்தல் துணியில் துடைத்தார்.

"அவளுக்குப் போன வாரமே தெரியும். வெளிய சொல்ல வேண்டாம்னதே அவதான்."

முதலில் எங்கேயாவது போய் ஒழுங்காக ஓட்டக் கற்றுக்கொள்ளுங்கள் என்று இன்று காலையில்தான் அவள் சொல்லி அனுப்பியிருந்தாள்.