காவேரியின் கையிலிருக்கும் எலும்பு

1.

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. கல்லூரி ஆய்வுக்கூடத்தில் எலும்புச் சீவலை மைக்ராஸ்கோப்பில் பார்த்த தோழிகள் பூ மாதிரி இருக்கிறது என்றார்கள். நடுவில் துளை, சுற்றிச் சுற்றி வளையங்கள், இடையிடையே எறும்பு போலக் கரும்புள்ளிகள். எனக்கு அது எங்கள் ஊர்க் கிணற்றை மேலிருந்து எட்டிப் பார்த்தது போல இருந்தது. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். பூ ஞாபகம் வரவில்லை.

2.

1941. மாரண்டஹள்ளிக்குப் பக்கத்துக் கிராமம். சென்னையில் விலங்கியல் படிக்கும் காவேரி விடுமுறைக்கு மைக்ராஸ்கோப்போடு பஸ்ஸைவிட்டு இறங்கி—

(அடித்துவிட்டேன். எந்தக் கல்லூரி அதைக் கொடுத்தனுப்பும்?)

மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கிற கண்ணாடிச் சில்லோடு மட்டும் வந்தாள். அவர்கள் வீட்டில் செத்துப்போன எருதின் எலும்பு அதில் ஒட்டியிருந்தது, வெளிச்சம் ஊடுருவும்வரை தேய்த்தது. போன விடுமுறையில், எருதைத் தோலுரித்த சேரிச் செல்லியிடம் கேட்டு வாங்கியது. மிச்சத் துண்டு பெட்டியில் இருந்தது. கல்லூரியில் பார்த்தபோது வளையங்கள் கலைந்து கிடந்தன. மூட்டோரத்தில், குருத்தெலும்பு இருக்கவேண்டிய இடத்தில் எலும்பு ஏறியிருந்தது.

(குருத்தெலும்பு: கண்ணாடிபோல் தெளிந்தது, இரண்டிரண்டாக ஒண்டிக்கிடக்கும் செல்கள், ரத்தக் குழாயே கிடையாது. தசைக்குத் தோள்துண்டின் கோடுகள் போல வரிகள் உண்டு. பரீட்சைக்குப் படித்தது. கதைக்கு வேண்டியது ஒன்றுதான்: வளையவேண்டியது கல்லானால் மனிதர் கல்லாகிவிடுவார்.)

காவேரியின் அப்பா முனியப்பனுக்குக் கழுத்து திரும்பாது; பக்கவாட்டில் பார்க்க உடம்போடு திரும்புவார்.

"கிணத்துத் தண்ணில ஒரு உப்பு இருக்குதுப்பா. எலும்புல ஏறுது. ஓடைத் தண்ணி குடிக்கற செல்லியப் பாருங்க, எப்படிக் குனியறா!"

"அவங்க எறங்கற ஓடையில நாம மொண்டு குடிக்கறதா? படிக்க அனுப்புனது இதுக்குத்தானா?"

அம்மா கண்ணாடிச் சில்லை வெயிலில் பிடித்துப் பார்த்தாள். "அழுக்குப் புடிச்சிருக்குது. கழுவி வையி."

காவேரி ஓடையில் ஒரு குடம் மொண்டுவந்தாள். அம்மா அதை எருக்குழியில் கவிழ்த்தாள். அண்ணன் குழந்தை அப்போதுதான் தாய்ப்பால் மறந்து கிணற்றுத் தண்ணீருக்கு வந்திருந்தது.

3.

முதல் முடிவு. மாட்டெலும்பு விழுந்த கிணற்றை யாரும் தொடமாட்டார்கள். மிச்சத் துண்டை எடுத்துக்கொண்டு காவேரி கிணற்றடிக்குப் போகிறாள்.

(செல்லியைத் தள்ளிவைக்கிற அதே தீட்டை வைத்து ஜெயிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் குழந்தை—)

வழியில் செல்லி. "என்னாங்கம்மா கையில?"

சொன்னாள்.

செல்லி சிரித்தாள். "போடுங்க, நல்லாப் போடுங்க. நீங்க பட்டணத்துக்குப் போயிருவீங்க. கட்டிவெச்சு அடிக்கறது எங்க வூட்டு ஆளத்தானே?"

4.

இரண்டாவது முடிவு. பட்டப்பகலில், எல்லார் முன்னாலும், "நாந்தான் போட்டேன்" என்று சொல்லியே போடுகிறாள். நன்றாகத்தான் எழுதிக்கொண்டு போனேன். முனியப்பன் உடம்போடு திரும்பினார். அறைவார் என்று நினைத்தேன். நிதானமாகக் கேட்டார்.

"எலும்பு யாரு குடுத்தா?"

அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

மூன்றாவதில் ஒரு சர்க்கார் டாக்டர் வந்து (வரவில்லை.)

5.

அண்ணி வாளியை இறக்குகிறாள். இடுப்பில் குழந்தை தண்ணீருக்கு அழுகிறது. காவேரியின் கையில் எலும்பு.

இனி நீங்கள் எழுதுங்கள். எப்படி எழுதினாலும் முனியப்பன் அதையேதான் கேட்பார். காவேரி என்ன பதில் சொல்கிறாள் என்பதை எழுதிவிட்டு, அப்புறம் வாளியை மேலே இழுங்கள்.