குழி தோண்டியவள்

தோட்டத்தைப் பாகம் பிரித்தபோது வீடும் கிணறும் திராட்சைப் பந்தலும் அண்ணனுக்குப் போயின. மதிலுக்கு இந்தப் பக்கம் இருந்த முட்புதர் தங்கைக்கு வந்தது. "இவளுக்கு இது போதாதா?" என்று அண்ணன் கேட்டார். யாரும் வாயைத் திறக்கவில்லை. எல்லார் வாயிலும் அவர் வீட்டுச் சாப்பாடு இருந்தது.

அண்ணன் தோட்டக்கலைச் சங்கத்தின் தலைவர். வீட்டிலும் தலைவர்தான், அண்ணியே அப்படித்தான் கூப்பிடுவாள். பந்தலடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம் மேலே கையைக் காட்டி, "நானே குழி தோண்டி வெச்சது" என்பார்.

குழி தோண்டியது தங்கை. அப்பா கன்றைப் பிடித்துக்கொள்ள, மண்ணைத் தள்ளி மிதித்ததும் அவள்தான். சட்டை அழுக்காகிவிடும் என்று அண்ணன் அன்றைக்கு வீட்டை விட்டு வெளியே வரவில்லை. அதனால்தான், கொடியின் வேர் மதிலுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது. பாகம் பிரித்த அன்று தங்கை சண்டை போடாததை எல்லாரும் அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இலை உதிர்ந்த குளிர்காலத்தில் அவள் புதரை வெட்டி அகற்றினாள். உள்ளே, அப்பா பிற்பாடு வைத்தவற்றோடு சேர்த்து, நான்கு திராட்சைக் கொடிகள் ஒன்றையொன்று கழுத்தை நெரித்துக்கொண்டு கிடந்தன. மூன்று அங்கேயே சுருண்டிருந்தன. நான்காவது, தொடைப் பருமன், மதிலேறி அண்ணன் பந்தலுக்குப் போயிருந்தது.

அவள் நேரே சங்கக் கூட்டத்துக்குப் போய் நின்றாள்.

"அண்ணே, என் பக்கம் பழைய திராட்சைக் கொடிங்க கண்டபடி ஓடிக் கிடக்கு. என்ன பண்றது?"

தலைவர் தொண்டையைச் செருமினார். "முழங்கால் உயரம் விட்டுட்டு அறுத்துத் தள்ளு. அடிக்கட்டையில புதுசா துளிர்க்கும். பாவம் பார்க்காதே."

"எல்லாத்தையுமா?"

"சொன்னாப் புரியாதா? எல்லாத்தையும்!"

செயலாளர் கைதட்டினார்.

மறுநாள் அவள் கணவன் ரம்பத்தைப் பிடித்தபடி தயங்கினான். "இது மதிலேறிப் போகுதே. உங்கண்ணன் நெஞ்சைப் பிடிச்சுக்குவாரு."

"பிடிச்சுக்கட்டும். நீங்க ரம்பத்தைப் பிடிங்க."

அறுத்து முடித்தபோது அவளுக்குக் கை வலித்தது, மனம் வலிக்கவில்லை.

வெயில் திரும்பியது. நான்கு கட்டைகளும் துளிர்த்தன. ஒவ்வொன்றிலும் நல்ல தளிராக இரண்டை விட்டு, மற்றதைக் கிள்ளி, கம்பியில் கட்டினாள். மதிலுக்கு அந்தப் பக்கம் பந்தல் விறகாக நின்றது. "உயர்ந்த ரகம் அவசரப்படாது" என்று தலைவர் விளக்குவது அவள் காதில் விழுந்தது. பிறகு, "ஓய்வெடுக்குது." பிறகு மீன்கழிவு உரம் போட்டார், வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். அந்த நாட்களில் தங்கைக்கு நன்றாகப் பசித்தது.

கடைசியில் ஏணி போட்டு ஏறினார் தலைவர். தொட்ட கொடி ஒடிந்தது. அதன் வழியே பார்வையை ஓட்டிக்கொண்டு வந்தவர், மதிலுக்கு மேல் தலையை நீட்டி, அறுபட்ட முனையைப் பார்த்தார்.

"யாரைக் கேட்டு வெட்டினே?"

"உங்களைக் கேட்டுத்தான்ணே. சங்கமே சாட்சி."

"அது நான் வெச்ச கொடி!"

"அப்படியா? குழியை எங்கேண்ணே தோண்டினீங்க? காட்டுங்க."

தலை மதிலுக்கு அந்தப் பக்கம் ஒருமுறை, இந்தப் பக்கம் ஒருமுறை திரும்பியது. குரல் இறங்கியது. "ஒரே ஒரு கிளையை இந்தப் பக்கம் விடும்மா. அடுத்த மாசம் வெளியூர்ச் சங்கத்துக்காரங்க வர்றாங்க. எல்லார்கிட்டயும் பந்தலைப் பத்திப் பேசி வெச்சிருக்கேன்."

"தாராளமா. குழி தோண்டினது யாருன்னு அவங்க முன்னால சொல்லிடுங்க. அன்னிக்கே விடுறேன்."

ஏணி கிறீச்சிட்டது. தலை மறைந்தது.

அடுத்த மாதம் பந்தல் முழுக்கப் பச்சைப்பசேலென்று பிளாஸ்டிக் கொடி தொங்கியது. "பூச்சியே அண்டாத ரகம்" என்று தலைவர் சொல்லிக்கொண்டிருந்தார். விருந்தாளி ஒருவர் இலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மரியாதையாகக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

இந்தப் பக்கம், மதிலைப் பிடிக்கப் பார்த்த ஒரு தளிரைத் தங்கை நகத்தால் கிள்ளிப் போட்டாள்.