அழைப்பிதழில் இல்லாத பெயர்

கீழைக் கடலின் ஈரக்காற்று, வெள்ளையர் வாழ்ந்த அகன்ற தெருக்களில் தன் மிடுக்கையெல்லாம் உலாவித் தீர்த்துவிட்டு, நெல்லித்தோப்பின் நெருக்கமான வீடுகளுக்குள் எஞ்சிய மூச்சோடு நுழையும் மாலைப்பொழுது. ஆண்டு இரண்டாயிரத்து நான்கு, தைத்திங்கள். மகன் ஹரிகிருஷ்ணன் அச்சகத்திலிருந்து கொணர்ந்து கூடத்தில் இறக்கிய மண அழைப்பிதழ்க் கட்டைப் பிரித்து, சாமி படத்தின்முன் வைக்க ஒன்றை எடுத்த அஞ்சலாட்சி, அதில் ஒரு வரியைப் படித்ததும் உலைநீராய்க் கொதித்தாள். ‘காலஞ்சென்ற திரு. ராஜாங்கம் – அஞ்சலாட்சி ஆகியோரின் மகன்’ என்றிருந்தது அவ்வரி.

அவள் கணவரின் பெயர் குப்பை. முகஞ்சுளிக்க வேண்டா, அன்பரே! வீட்டைப் பெருக்கி வெளியே கொட்டுவதைக் குறிக்கும் அச்சொல், நம் மண்ணில் உயிர்காக்கும் பெயராகவும் இருந்ததுண்டு. மூன்று மகவுகளை அடுத்தடுத்துக் காலனுக்குப் பறிகொடுத்த தாயொருத்தி, நான்காவதைக் குப்பைமேட்டில் கிடத்தி, வேண்டாமென எறிந்ததைக் கூற்றுவனும் தீண்டான் என்று நம்பி, எடுத்துச் சென்ற அண்டைவீட்டாளிடம் தவிடு கொடுத்து மீட்டு, அப்பெயரையே இட்டழைத்தாள். அவ்வாறு பிழைத்தவர், முப்பதாண்டு ஆலையில் பஞ்சுத்தூசி தின்று, மகனைப் பட்டதாரியாக்கி, சென்ற ஆண்டுதான் கண்மூடினார்.

“ராஜாங்கம் யாருடா?”

“பொண்ணு நத்தாலி வூட்டுல எல்லாம் பிரெஞ்சு நேஷனாலிட்டிம்மா. பாரீஸ்லேந்து சனம் வருது. குப்பைன்னு போட்டா சிரிப்பாங்க. பேருதானம்மா?”

“பேருதானா? அந்தப் பேரு இல்லன்னா உங்கப்பன் ஏது, நீ ஏது? ஊரறிய என்ன எவனுக்கோ பொண்டாட்டியாக்கிட்டு, பேருதானான்றியே, வெக்கமா இல்ல?”

“ஐந்நூறு அடிச்சாச்சு. நாளைக்குக் குடுக்கணும். கொஞ்சம் பொறுத்துக்கம்மா.”

பொறுப்பதா? எரிகிற வீட்டில் பிடுங்கியது ஆதாயம் என்பதுபோல், செத்தவர் வாய்திறவார் என்ற துணிவில் செய்த வேலையல்லவா இது! எழுதுகோலை எடுத்தாள். ராஜாங்கத்தை அவள் தொடவில்லை. அடுத்து நின்ற தன் பெயரை, தாள் கிழியும்படி, ஒவ்வோர் அழைப்பிதழிலும் அடித்துக்கொண்டே வந்தாள்.

“ஐயோ, என்னம்மா பண்ற?”

“அந்த ராஜாங்கத்துக்குப் பொண்டாட்டி எவளோ, அவளக் கூட்டியாந்து கல்யாணத்துல நிக்க வை. நான் குப்பையோட பொண்டாட்டி. எனக்கு அங்க வேலையில்ல.”

அவள் கை நிற்கவில்லை. எறிவதுபோல் நடித்துப் பிள்ளையைக் காத்தாள் அன்றைய தாய். அவரை மெய்யாகவே எறிந்தவனோ, அவர் சோறூட்டி வளர்த்த மகன்.