பச்சை விளக்கு அணையும் நேரம்

எங்கள் காருக்குப் பேய் பிடித்தது பட்டப்பகலில். அதுவும் அடையாறு வெயில் தார் ரோட்டைத் தோசைக்கல்லாக்கிக்கொண்டிருந்த நேரத்தில்.

மொட்டை மாடி சோலார் தரும் கரண்டில் வீட்டுச் செலவு போக மிஞ்சுவதுதான் காருக்கு. வெயில் ஏறினால் சார்ஜர் தானே தொடங்கும். மேகம் மறைத்தால் நிற்கும். ஆனால் பொட்டு மேகமில்லாத வானத்தின் கீழ் நின்றது. செவ்வாய் பிற்பகல் மூன்றுக்கு, புதன் உச்சிவேளையில், வியாழன் ஒன்றரைக்கு. தினம் ஒரு நேரம். ஆனால் சொல்லிவைத்தாற்போல் ஒன்றரை மணி நேரம்.

என் மனைவி ஜோதிலட்சுமி இறந்து மூன்று மாதம். சார்ஜர் அவள் இலாகா. நான் ஓட்டுவதோடு சரி. இப்போது சார்ஜரின் பச்சை விளக்கு அணையும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பார்கள். என் வழுக்கையிலேயே மயிர்க்கூச்செறிந்தது என்றால் பாருங்கள்.

மகள் வைதேகியிடம் ஃபோனில் உளறிவிட்டேன்.

"அப்பா, வீட்ல யாரோ இருக்காங்கன்னு இன்னொரு வாட்டி சொன்னீங்க, பூட்டிட்டு உங்கள வேளச்சேரிக்குத் தூக்கிட்டு வந்துடுவேன்."

வேளச்சேரியில் அவளுக்கு ஒன்பதாவது மாடி. அங்கே போய் லிஃப்டுக்குக் காத்திருப்பதைவிடப் பேயோடு குடித்தனம் நடத்தலாம். எப்படியாவது இதைச் சரிசெய்தாக வேண்டும்.

வெள்ளிக்கிழமை, சார்ஜர் மாட்டிக்கொடுத்த ஆசிஃப் வந்தார். பத்தரைக்கு அவர் கண்ணெதிரிலேயே விளக்கு அணைந்தது.

"இன்னா சார் இது! மேல நாலு கிலோவாட் வந்துகினு கீது. கார் குடிக்க மாட்டேங்குது."

"உள்ள யாரோ வேணாங்குறாங்க நைனா."

"பயமுறுத்தாத சார்."

மதிலுக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அஃப்சருன்னிசா சிரித்தார்.

"இன்னாண்ணே, வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலமாச்சே! முப்பது வருஷமா ஜோதிக்கா அந்த நேரத்துல என்கூட தி.நகர் வந்ததே கெடயாது. கார மட்டும் வுட்டுடுவாங்களா?"

ராகுவையும் கேதுவையும் கிண்டலடித்தே ஆயுளைக் கழித்தவன் நான். சொன்னால் சிரிப்பேன் என்று சத்தமில்லாமல் செய்திருக்கிறாள். ஆசிஃப் செட்டிங்கைத் திறந்தார். கிழமைவாரியாக, நேரம் போட்டு, நிறுத்தம்.

"அழிச்சிடவா சார்? ரெண்டு மணிக்குள்ள ஃபுல் ஆயிடும்."

"கைய எடு!" என்று நான் போட்ட சத்தத்தில் பெசன்ட் நகர் கடல் ஓரடி பின்வாங்கியது.

"சரி சரி. ஆனா ஆறு நாளுக்குத்தான் போட்டுக்கிறாங்க. புதன் காலியா கீது. புதனும் நின்னுச்சுன்னியே?"

நின்றது. நான் கவனித்த மூன்று புதன்களிலும் நின்றது. நான் எதையும் ஒன்றுக்குப் பத்தாகச் சொல்பவன்தான். இது மட்டும் ஒன்றுக்கு ஒன்று.

"நல்லா அளந்துவுடுற சார்" என்று ஆசிஃப் பையைக் கட்டினார்.

மாலையில் வைதேகி கேட்டாள்: "சரியாயிடுச்சாப்பா?"

"ஆச்சும்மா. உங்கம்மா வெச்ச டைமர். அவ்ளோதான்."

புதன்கிழமை தி.நகர் கிளம்ப வேண்டியிருந்தது. கிளம்பாமல் நாற்காலியைக் காரருகே இழுத்துப் போட்டேன். கண் கூசும் வெயில். மணி பன்னிரண்டு. பச்சை விளக்கு அணைந்தது.

ஒன்றரை வரை நான் எழுந்திருக்கவில்லை. வைதேகிக்கு ஃபோன் செய்யவுமில்லை.