கூரைக்கு மேலே ஒரு ஜாண்

அப்பாவின் காரில் ஈ உட்கார வந்தால், காலைத் துடைத்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். நாட்டிலேயே அந்த மாடலில் மூன்றுதான் ஓடுகின்றன என்று பார்க்கிற ஆளிடமெல்லாம் சொல்வார். அப்பேர்ப்பட்ட மனுஷன், மகளுக்கு வேலை கிடைத்ததும் பின்சீட்டைப் பிடுங்கி, பின்பக்கம் ஏறி இறங்கச் சாய்பலகை வைக்கச் சம்மதித்தார்.

வேறு வழியில்லை. பள்ளிக்கூடம், காலேஜ் எல்லாமே அப்பாவும் மாமாவும் அவளை மூட்டை மாதிரி தூக்கிப்போய் இறக்கிய இடங்கள். அந்த வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். ஆபீசுக்கும் மூட்டையாகப் போக மாட்டேன், சக்கர நாற்காலியோடுதான் ஏறுவேன், இறங்குவேன் என்றுவிட்டாள். திங்கட்கிழமை சேர வேண்டும்.

டிங்கர் வேலை அம்மாவின் தம்பியான அந்த மாமாவுடையது. இரண்டு வாரம் தட்டினார், வெல்டு வைத்தார். வியாழக்கிழமை சாயங்காலம் அவளை உருட்டி ஏற்றினார்கள். ணங்கென்று தலை கூரையில் இடித்தது. கழுத்தை மடக்கிக்கொண்டு பார்த்தால், ஜன்னலில் ரோட்டோரமும் ஒரு நாயின் காலும்தான் தெரிந்தன.

துல்லியமாக அளந்தேன் என்று மாமா சத்தியம் செய்தார். அளந்தார்தான். காலி நாற்காலியை.

"நாற்காலியா மாமா வேலைக்குப் போகுது?"

பத்து நிமிஷப் பயணம்தானே, கொஞ்சம் குனிந்துகொண்டால் என்ன என்று அப்பா இழுத்தார். ஒரே தகட்டில் அடித்த கூரை அது. கைவைக்க அவருக்கு மனசு வரவில்லை.

"அப்ளிகேஷன் குடுக்கக் குனிஞ்சேன், உங்க தோள்ல தொங்கறப்ப குனிஞ்சேன். சம்பளம் வாங்கவும் குனியணுமாப்பா?"

அப்பா துணியால் கூரையை ஒருமுறை அழுத்தித் துடைத்தார். பிறகு சாக்பீஸால் அதே இடத்தில் ஒரு கட்டம் போட்டார்.

இப்போது மாமாவுக்குக் கை வரவில்லை. "அத்தான், மூணுதான் இருக்குன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கீங்க."

"வெட்டு மச்சான். இனிமே ஒண்ணே ஒண்ணுதான்."

இந்த முறை ஆளை உட்காரவைத்து அளந்தார்கள். விவரமான பெண், உச்சியில் கொண்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பழைய வேன் கண்ணாடிகளை நாலு பக்கமும் வைத்துக் கூரையை உயர்த்தி முடிக்க ஞாயிறு பொழுது சாய்ந்துவிட்டது.

திங்கட்கிழமை சிக்னலில் தாழ்தள பஸ் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர்களின் முகமும் அவள் முகமும் ஒரே உயரத்தில் இருந்தன. கொண்டையை அவிழ்த்துவிட்டாள். தலைக்கு மேல் ஒரு ஜாண் மிச்சம் இருந்தது. அப்பா கண்ணாடி வழியாக அவளையே பார்த்துக்கொண்டிருக்க, பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"ரோட்டைப் பாருங்கப்பா. ஊரை நான் பாக்கறேன்."