திருப்பித் தர வேண்டாத கோப்பை

கழுவிக் கவிழ்த்து வைத்த காகிதக் கோப்பையிலிருந்து இன்னும் ஒரு சொட்டு இறங்குகிறது, விளிம்பில் நின்று, தயங்கி, ஜன்னல் கட்டையில் விழுகிறது, காகிதக் கோப்பையை யாராவது கழுவுவார்களா, குடித்ததும் கசக்கிப் போடத்தானே அது, ஆனால் நான் கழுவியிருக்கிறேன், காய்ச்சல் விடாத கையால், விரல் நுனியால் மெல்லத் தடவி, அப்படியும் அடியில் கஷாயத்தின் பழுப்பு வட்டம் போகவில்லை, எதிரே, காற்றுக்காக விட்ட சந்துக்கு அந்தப் பக்கம் பியூலாவின் சமையலறை ஜன்னல், திரை போட்டிருக்கிறது, இரண்டு வருடமாக அந்தத் திரை விலகியதில்லை, ஏன் என்று இந்தக் குடியிருப்பில் எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும்.

யாருக்குச் சளி பிடித்தாலும் என் வீட்டு வாணலியில்தான் மிளகு வெடிக்கும், சுக்கைத் தட்டிப் போட்டு, கொத்தமல்லி விதை, சித்தரத்தை, தொட்டியில் வளரும் துளசி, கற்பூரவல்லி, ஆடாதொடை இலை இரண்டு, நாலு டம்ளர் தண்ணீர் ஒரு டம்ளராகச் சுண்டும்வரை பக்கத்திலேயே நிற்பேன், மூணாவது மாடி அக்கா கஷாயம் இருக்க டாக்டர் எதுக்கு என்பார்கள், சும்மா இருங்க என்பேன், அவர்கள் நிஜமாகவே சும்மா இருந்துவிடக் கூடாதே என்று உள்ளே ஒன்று காத்திருக்கும். இரண்டு வருடத்துக்கு முந்தைய அந்தக் கார்த்திகையில் வீட்டுக்கு வீடு காய்ச்சல், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து தபால் ஆபீசுக்கு மாற்றலாகி வந்து தனியாக இருந்த பியூலாவும் படுத்துவிட்டாள், பிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு போய் அவள் வாசலில் வைத்து, மணியை அடித்துவிட்டு, ஓடிவந்து என் கதவுக்குள் நின்றுகொண்டு, பியூலா, சூடு ஆறதுக்குள்ள குடிச்சிடும்மா என்கிறேன், ஐயோ அக்கா, ஒங்களுக்கு எம்புட்டுச் செரமம், பெத்தவ கூட இப்படிப் பாக்க மாட்டா என்கிறாள் அடைத்த மூக்கோடு, அந்தச் சொல்லை நான் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டேன், அதையும் மறைப்பதற்கில்லை.

சாயங்காலம் பிளாஸ்க் திரும்பி வந்தது, எடுத்தால் கனம், அசைத்தால் கலகலவென்று சத்தம், உள்ளே பெரிது பெரிதாகப் பனங்கற்கண்டு, வெறும் பாத்திரமா எப்படிக்கா திருப்பிக் குடுக்க, அம்மா ஊர்லருந்து அனுப்புனது, அடுத்த தடவ கஷாயத்துல ரெண்டு போடுங்க என்று எதிர்வாசலிலிருந்து குரல். என் அம்மாவும் அடுத்த வீட்டுக் கிண்ணத்தை வெறுமையாக அனுப்பியதில்லை, ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு சிட்டிகை சர்க்கரையாவது போடுவாள், எல்லாம் தெரியும் எனக்கு, தெரிந்தும், காய்ச்சல்காரி கையால் அள்ளிப் போட்டது என்று ஓர் எண்ணம் வந்ததும் பிளாஸ்க்கைத் தள்ளிப் பிடிக்கிறேன், மகளுக்குப் பரீட்சை, அதனால்தான் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிவந்தேன், மகள் அப்போது விடுதியில் அல்லவா இருந்தாள், பரீட்சை அடுத்த வருடம் அல்லவா. ஜன்னலோரம் பாத்திரம் கழுவும் தொட்டியில் கற்கண்டைக் கொட்டி, கொதிக்கக் கொதிக்க வெந்நீரை ஊற்றினேன், கரையவில்லை, கையால் தொடாமல் கரண்டிக் காம்பால் ஒவ்வொன்றாகத் தண்ணீர் போகும் குழிக்குள் தள்ளினேன், பனை வாசனை முகத்தில் அடித்தது, தலையை நிமிர்த்தினால் எதிர் ஜன்னலில் பியூலா, காதை மூடித் துண்டு சுற்றியிருக்கிறாள், ஒரு கன்னம் கற்கண்டால் உப்பியிருக்கிறது, அதை எனக்குக் காட்டத் தூக்கிய கை பாதியில் நிற்கிறது, பிறகு அந்தக் கை திரைக்குப் போனது, இழுக்கக்கூட இல்லை, மெதுவாகச் சரிசெய்தாள்.

மறுநாள் கஷாயத்தோடு போனால், வேண்டாம்க்கா, எல்லாம் சரியாயிட்டு என்றாள், இருமிக்கொண்டே. இரண்டு வருடமாகப் படியில் பார்த்தால் சிரிக்கிறாள், சாப்ட்டியளாக்கா என்று கேட்கிறாள், ஒரு குறையும் இல்லை, ஒரு நாள் சண்டை போட்டிருக்கலாம் அவள். கனவில் தொட்டி நிறையக் கற்கண்டு, வெந்நீர் ஊற்ற ஊற்றப் பெருகுகிறது, கரண்டியைக் காணவில்லை. இப்போது நாலு நாளாக எனக்குக் காய்ச்சல், இவர் வேலையாக ஓசூரில், என் கஷாயம் குடித்தவர்கள் எல்லாம் போனில் கும்பிடும் கைப் படம் அனுப்பினார்கள், காலையில் மணி அடித்தது, கதவைத் திறந்தால் பியூலா, அலுமினியத் தாள் மூடிய காகிதக் கோப்பையோடு, நீங்க வைக்காப்ல வராதுக்கா, ஆடாதொட மட்டும் கெடைக்கல, கை சுடுது, பிடிங்க, குடிச்சிட்டு கப்பத் தூக்கிப் போட்டிருங்க, திருப்பித் தர வேண்டாம். அந்தக் குரலில் குத்தல் இருக்கிறதா என்று தேடினேன், இருந்தால் கொஞ்சம் கோபப்படலாமே, இல்லை, அவள் வீட்டு அலமாரியில் எத்தனை எவர்சில்வர் டம்ளர்கள், எனக்காகக் கடைக்குப் போய்க் காகிதக் கோப்பை வாங்கியிருக்கிறாள், என் அருவருப்புக்கு அவள் செய்த ஏற்பாடு அது. கதவைச் சாத்திவிட்டு நின்றபடியே குடித்தேன், மிளகு, சுக்கு, கடைசி மிடறில் பனை வாசனை.

கோப்பை காய்ந்துவிட்டது, காய்ந்ததாக நினைத்துக்கொள்கிறேன், டப்பாவிலிருந்து பனங்கற்கண்டை அள்ளிப் போட்டுக்கொண்டு எதிர்வாசலில் நிற்கிறேன், இந்த ஆறடியைக் கடக்க இரண்டு வருடம், கதவு திறக்கிறது, கோப்பையைப் பார்க்கிறாள், பழுப்பு வட்டத்தைப் பார்க்கிறாள், இதப் போயா கழுவுனிய என்று சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொள்கிறாள், பியூலா, அன்னைக்கு நான், என்கிறேன், இருமல் வந்து மீதியை விழுங்கிவிடுகிறது, அது அடங்கும்வரை நின்றவள் கோப்பையை வாங்கிக்கொண்டு உள்ளே போகிறாள், திரும்பி வந்து நீட்டுகிறாள், பாதிக் கற்கண்டு அதிலேயே இருக்கிறது, வெறும் கப்பா எப்படிக்கா திருப்பிக் குடுக்க, என்கிறாள். சொல்லிவிட்டு உள்ளே போகவில்லை, என் கையையே பார்க்கிறாள். இருப்பதில் பெரியதாக ஒன்றை எடுத்து அவள் எதிரிலேயே வாயில் போட்டுக்கொள்கிறேன், பல்லில் இடிக்கிறது, கன்னம் உப்புகிறது, ஈரம் ஊறிய கோப்பையின் அடி கையில் இளகுகிறது, உதிர்ந்துவிடாமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொள்கிறேன், வாயில் இருப்பது கரையும்வரை என்னால் பேச முடியாது, கரையட்டும் என்று அவள் கதவைப் பிடித்தபடி நிற்கிறாள்.