ஐம்பது இறாத்தல் வில்

டொக்டர் குறைக்கச் சொன்னது உப்பை. செய்தியைக் குறைக்கச் சொன்னது சுபாங்கன் அண்ணன். வில்லின் பலத்தைக் குறைத்தது மட்டும் நான்தான். அதற்கு வேறு யாரையும் சாட்ட முடியாது.

அப்பாவுக்கு அப்போது எழுபத்தொரு வயது. பெயர் சிறீஸ்கந்தராசா. ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர். கோழி உரிப்பதென்றால்கூட எழும்பி வெளியே போய்விடுவார். அந்த மனுசனை, டென்மார்க்கில், பிரெடெரிசியாவில் தொழிற்சாலையில் கூட வேலை செய்த ஐனர் என்ற டேனிஷ்காரர், அறுபது வயதுக்குப் பிறகு வேட்டைக்காரனாக்கிவிட்டார். ஐனருக்குச் சொந்தமாக ஒரு சின்னக் காடு இருந்தது. எல்லோரும் துவக்கோடு போகிற காடு. துவக்கு இந்த வாசலைத் தாண்டக்கூடாது என்று, அப்போது உயிரோடு இருந்த அம்மா ஒற்றைக்காலில் நின்றார். துவக்குக்குப் பயந்துதானே இவ்வளவு தூரம் ஓடிவந்தோம் என்று கேட்டார். அப்பா இரண்டு நாள் யோசித்தார். பிறகு போய் வில் வாங்கிக்கொண்டு வந்தார். மேலும் கீழும் சில்லு வைத்த நவீன வில், ஐம்பது இறாத்தல் இழுவை, அவ்வளவு பலம் கொடுத்தால்தான் நாண் வரும். அதற்கென்று இருக்கிற சோதனையையும் டேனிஷில் படித்துப் பாஸ் பண்ணினார். கலியாண வீடுகளில் சனம் அவரை ‘வில்லங்கம்’ என்று பட்டம் சொல்லிக் கூப்பிட்டது. அவருக்கு அதில் உள்ளூரச் சந்தோசம்தான்.

பத்து வருடத்தில் நாலே நாலு மான் விழுத்தியிருக்கிறார். ஐந்தாவது ஒன்று அம்போடு ஓடிவிட்டது. தேடும் நாயோடு ஆள் கூப்பிட்டு ஐந்து மணித்தியாலம் அலைந்து, கடைசியில் ஒரு வாய்க்காலுக்குள் உயிரோடு கிடந்ததைக் கண்டுபிடித்தார்கள். அப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஒரே அம்பில் முடிக்க ஏலாதவன் வில்லைத் தொடக்கூடாது என்று அன்றைக்குச் சொன்னவர், அதைத் திரும்பத் திரும்ப எங்களுக்குச் சொல்லிக்கொண்டேயிருப்பார்.

2009 ஜனவரியில் அவருக்கு ஸ்ட்ரோக் வந்தது. பெரிதாக இல்லை. பேச்சுத் திரும்பிவிட்டது, நடையும் வந்துவிட்டது. வலது கை மட்டும் முழுதாக வரவில்லை. மார்ச்சில் வில்லை எடுத்து முற்றத்தில் இழுத்துப் பார்த்தார். பாதிகூட வரவில்லை. முகம் சிவந்து, தோள் நடுங்கி, வில்லை மெல்ல இறக்கிவிட்டு என்னைப் பாராமல் உள்ளே போனார். அதற்குப் பிறகு மூன்று நாள் ஜன்னலோரக் கதிரையை விட்டு எழும்பவேயில்லை.

நான் கொம்யூன் என்கிற நகரசபையில் வயதானவர்களைப் பார்க்கிற வேலை செய்கிறவள். எழும்பாமல் இருக்கத் தொடங்குகிற கிழவர்களை எனக்குத் தெரியும். ஒரு வருடம் தாங்கமாட்டார்கள். அவர் நித்திரை கொண்ட நேரம் கராஜுக்குள் போனேன். வில்லின் மேல் நுனியிலும் கீழ் நுனியிலும் ஒவ்வொரு ஆணி இருக்கும். அதை அலன் சாவியால் தளர்த்தினால் இழுவை குறையும். இரண்டையும் மூன்று சுற்றுத் தளர்த்தினேன். ஐம்பது முப்பத்தெட்டானது. இனி அம்பு தாழ விழும் என்பதால் குறி பார்க்கும் ஊசியையும் மாற்றி வைத்தேன். கள்ள வேலை செய்தால் வடிவாகச் செய்யவேண்டும், இல்லையா?

அடுத்த நாள் கட்டாயப்படுத்தி இழுக்க வைத்தேன். இழுபட்டது. அப்பா திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை என்னவென்று சொல்ல! விரல்கள் சரியாக மடங்காததால், நாணை விரலால் பிடிக்காமல் மணிக்கட்டுப் பட்டியில் ஒரு கொக்கி வைத்து இழுத்தார். அந்தக் கொக்கியை நாணில் கொழுவி விடுவது என் வேலை. தினமும் இருபது அம்பு. சாப்பாடு கூடியது, நடை கூடியது. முப்பத்தெட்டு இறாத்தலில் மானுக்கு எய்யக்கூடாது, அந்த வேகம் சட்டத்துக்கும் காணாது, மானைக் கொல்லவும் காணாது. ஆனால் அவர் அட்டைக்குத்தானே எய்கிறார் என்று இருந்துவிட்டேன். மடைச்சி.

மே மாதம் ஏழாம் திகதி, அண்ணன் குறைக்கச் சொன்ன அந்தச் செய்தி வந்தது. அப்பாவின் ஒரே தம்பி, சிவானந்தன் சித்தப்பா, வன்னிக்குள் நின்றவர். கலியாணம் கட்டாத மனுசன், அப்பாவை விட்டால் வேறு ஆளில்லை. அவரோடு ஒரே பங்கருக்குள் இருந்த ஒருவர் வவுனியா முகாமுக்கு வந்து சேர்ந்து, எங்கேயோ ஒரு போன் பிடித்து, சுபாங்கன் அண்ணனுக்கு எடுத்திருந்தார். ஏப்ரல் இருபத்தேழாம் திகதி ஷெல் விழுந்து சித்தப்பா அந்த இடத்திலேயே முடிந்துவிட்டார்.

அப்பாவுக்குச் சொல்லவேண்டாம் என்றான் அண்ணன். அவன் கொப்பன்ஹேகன் பக்கம், புரொண்பியில் இருக்கிறான். அந்த நாட்களில் போரை நிறுத்தக் கேட்டு இரவு பகலாகக் கொப்பன்ஹேகனில் ஆர்ப்பாட்டத்தில் நின்றான். தொண்டை கட்டிய குரலில், இந்த நிலைமையில் சொன்னால் ஆளையும் இழந்துவிடுவோம் என்றான். நானும் தலையாட்டினேன். இத்தனைக்கும் வேலையிடத்தில் ஒரு கிழவரின் மனைவி இறந்ததை நானே அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னவள். வீட்டில் தொலைக்காட்சி டிஷ் பழுது என்று சொல்லிவிட்டு, தம்பியைப் பற்றி ஏதும் தெரியுமோ என்று அப்பா கேட்கிற ஒவ்வொரு தரமும், தொடர்பு கிடைக்கவில்லை என்றேன். ஒன்பது நாள் சொன்னேன். அண்ணன் தினமும் காலையில் எடுத்து, அப்பாவுக்குத் தெரியாதுதானே என்று கேட்பான்.

மே பதினாறு, கிடாய் மான் வேட்டை தொடங்குகிற நாள். முதல் நாளே ஐனர் வந்து கூப்பிட்டுவிட்டார். கைக்கு ஏலாது, மழை வரும் என்று நானும் பலதைச் சொன்னேன். வீட்டுக்குள் இருந்தால் சிவானந்தனைப் பற்றித்தான் யோசனை ஓடுது, என்னைக் கொண்டுபோய் விடு என்றார் அப்பா. சரி என்றேன். பத்து வருடத்தில் நாலு மான் விழுத்திய மனுசனுக்கு முன்னால், இன்றைக்கா ஒன்று வந்து நிற்கப்போகிறது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

விடியற்காலை ஐந்து மணிக்குக் காட்டோரம் வலையை மறைப்பாகக் கட்டி, அப்பாவை மடக்குக் கதிரையில் இருத்தினேன். ஐனர் காட்டின் மற்றக் கரைக்குப் போய்விட்டார். எனக்கு முன்னால் அப்பாவின் முதுகு, அவருக்கு முன்னால் ஒரு சின்னப் புல்வெளி. குளிர் எலும்புக்குள் இறங்கியது. வராதே, வராதே என்று பிள்ளையாரை மன்றாடிக்கொண்டிருந்தேன்.

ஐந்தே முக்காலுக்கு வந்தது. இளங்கிடாய். பீச் மரங்களுக்குள்ளிருந்து தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, மேய்ந்து மேய்ந்து எங்களை நோக்கியே நடந்தது. முப்பது மீற்றர். இருபத்தைந்து. அப்பா மூச்சுவிடும் சத்தம் மாறியது. இடது கையால் வில்லை மெல்ல உயர்த்தினார். வலது மணிக்கட்டை, பார்க்காமலே, பின்னால் என் பக்கம் நீட்டினார்.

என் கை போகவில்லை.

இருமினால் மான் ஓடிவிடும், அப்பாவுக்கு ஒன்றும் தெரியவராது. அந்த நினைப்பு வந்தது, பொய் சொல்லமாட்டேன். தொண்டைவரை இருமல் வந்தது. ஆனால் நாளைக்கும் வருவாரே. நாளன்றைக்கும் வருவாரே. எத்தனை நாளைக்கு இருமுவது?

“கொழுவு,” என்றார் அப்பா, திரும்பாமலே, மூச்சுக்குள்.

பதினைந்து மீற்றரில் கிடாய் பக்கவாட்டில் நின்றது. எந்த வேட்டைக்காரனும் கனவில் காண்கிற நிலை. அதன் விலா மூச்சுக்கு ஏறி இறங்குவதுகூடத் தெரிந்தது. அப்பாவின் மணிக்கட்டு என் முகத்துக்கு நேரே நின்றது. என் கை இரண்டையும் தொடைக்குக் கீழே வைத்து இறுக்கிக்கொண்டேன்.

“கொழுவடி பிள்ளை.”

“வில்லு காணாது, அப்பா.”

அவர் திரும்பவில்லை. விளங்காதவர் போலத் தலையைச் சற்றுச் சரித்தார்.

“நான் ஆணியைத் தளர்த்திப்போட்டன். பன்னிரண்டு இறாத்தல் குறைவு. எய்தா, அது அம்போடை ஓடும்.”

மெதுவாகத்தான் சொன்னேன். கிடாய் தலையைத் தூக்கி எங்கள் பக்கம் பார்த்தது. பிறகு அவசரமில்லாமல் திரும்பி, வந்த வழியே மரங்களுக்குள் போய்விட்டது. அப்பா வில்லை இறக்கவில்லை. அது போன இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னை அடித்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

எப்போது என்று கேட்டார். மார்ச்சில் என்றேன். ஊசியையும் மாற்றினாயா என்று கேட்டார். ஓம் என்றேன். சாவி கொண்டுவந்தாயா என்று கேட்டார். கொண்டுவந்திருந்தேன். பையில் எப்போதும் அதை வைத்திருந்தேன், அவர் கண்ணில் படக்கூடாதென்று. முன்பு இருந்தபடி இறுக்கு என்றார். குளிரில் விறைத்த விரல்களோடு மூன்று சுற்று, மூன்று சுற்று, இரண்டு ஆணியையும் இறுக்கினேன். அம்பு வைக்காமலே கொக்கியைக் கொழுவச் சொன்னார். கொழுவினேன்.

இழுத்தார். நாண் ஒரு சாண் வந்தது. கழுத்து நரம்பு புடைத்தது, கதிரை கிறீச்சிட்டது. இன்னொரு தரம் இழுத்தார். அதே ஒரு சாண். மூன்றாவது தரம் நான் அவர் கையைப் பிடித்துவிடுவேனோ என்று பயந்து எழும்பி அப்பால் போய் நின்றேன். அவரே மெல்ல விட்டுவிட்டு, வில்லை மடியில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

“சரி,” என்றார். “இது உண்மை. இனி மற்றதைச் சொல்லு.”

“என்ன மற்றது?”

“வில்லையே குறைச்சனீ. சிவானந்தனைப் பற்றி எவ்வளவு குறைச்சனீ?”

ஈரப் புல்லில் அவருக்கு முன்னால் அப்படியே இருந்துவிட்டேன். வேலையிடத்தில் அந்தக் கிழவருக்குச் செய்ததைப்போல அப்பாவின் கையைப் பிடித்தேன். மணிக்கட்டுப் பட்டியும் கொக்கியும் சேர்ந்து என் உள்ளங்கையில் குத்தின. திகதியைச் சொன்னேன். ஷெல் என்று சொன்னேன். இருந்த பங்கருக்குள்ளேயே வைத்து மண்ணால் மூடிவிட்டார்களாம் என்றும் சொன்னேன். ஒன்றையும் குறைக்கவில்லை.

அப்பா நெஞ்சைப் பிடிக்கவில்லை. விழவில்லை. விரலை மடித்து எண்ணினார், இடது கை விரலை.

“இருபதாம் நாள்,” என்றார். “போன கிழமை வெள்ளி கோயிலுக்குப் போனனாங்கள்.”

“ஓம்.”

“ஐயரிட்டை அவன்ரை பேரும் நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனை செய்தனான். நீ தட்டைப் பிடிச்சுக்கொண்டு பக்கத்திலை நிண்டனீ.”

நான் நின்றேன். அண்ணன் செய்தி சொன்ன அடுத்த நாள். இறந்துபோன மனுசனுக்கு ஆயுள் கேட்டு மந்திரம் சொல்ல, நான் தேங்காய்த் தட்டோடு நின்றேன். சாவுத் துடக்கோடு கோயிலுக்குள் நின்றேன், அவரையும் நிற்கவைத்தேன். அதை எட்டு நாளாக நினைக்காமல் இருந்திருக்கிறேன். அழுகை வந்தது. அப்பா தடுக்கவில்லை. துடக்கென்றும் தெரியாமல், செய்யவேண்டிய ஒன்றையும் தம்பிக்குச் செய்யாமல், இறைச்சி தின்றுகொண்டு வில்லுப் பழகினேனே என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்கத்தான் என்னால் ஏலாமல் இருந்தது.

வெயில் புல்வெளிக்கு வந்தபோது அவரே பேசினார். தம்பியின் முப்பத்தோராம் நாள் காரியம் முடியட்டும், கிடாய் வேட்டை ஜூலைவரை இருக்கிறது என்றார். வில்லைத் திரும்ப முப்பத்தெட்டுக்கு இறக்கு, அதிலிருந்து கால் கால் சுற்றாக ஏற்று, ஏற்றுகிற ஒவ்வொரு கால் சுற்றையும் எனக்குச் சொல்லிவிட்டு ஏற்று என்றார். சட்டம் கேட்கிற இடத்துக்கு வரமுடியாவிட்டால் வில்லைத் தானே ஐனரிடம் கொடுத்துவிடுவதாகவும் சொன்னார். நான் ஓம் ஓம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

என் போன் அடித்தது. அண்ணன். அப்பா கையை நீட்டினார். கொடுத்தேன். காதில் வைக்க முன்னமே அண்ணன் கேட்டது எனக்கும் கேட்டது: அப்பாவுக்குத் தெரியாதுதானே?

“தெரியும்,” என்றார் அப்பா. “நான்தான் கதைக்கிறன். தம்பி செத்து இருபது நாள். நாளைக்கு நான் செத்தா, அதையாவது எனக்குச் சொல்லுவியளோ?”

அண்ணன் அழத் தொடங்கினான். நாற்பத்தைந்து வயது மனுசன், ஆர்ப்பாட்டத்தில் எத்தனை நாளாகக் கத்திக் கத்திக் குரலே போனவன், அந்தப் போன குரலில் ஓலமிட்டு அழுதான். சித்தப்பாவின் பெயரைச் சொன்னான். ஒன்பது நாளும் யாரிடமும் அவன் அதைச் சொல்லி அழவில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அப்பா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. வலது கை நடுங்க நடுங்கப் பிடித்துக்கொண்டிருந்தார். பிடித்துவிட நான் கையை நீட்டியபோது, வேண்டாம் என்று தலையை அசைத்தார்.

“அழு ராசா,” என்றார். “நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன்.”